இடுப்பு முறிந்த பெரியவர்களின் உடம்புக்குள் நடப்பது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மாவுக்கு அப்போது 79 வயது. விடியற்காலையில் பாத்ரூம் வாசலில் கால் வழுக்கி விழுந்தார். மாடிப்படியில் உருளவில்லை, வண்டி மோதவில்லை, நின்ற இடத்தில் விழுந்ததுதான். இடது தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. தொடை எலும்பின் மேல்முனையில் பந்துக்குக் கீழே இருக்கும் அந்தக் குறுகலான பகுதி முறிவதைத்தான் பேச்சில் 'இடுப்பு எலும்பு உடைஞ்சிருச்சு' என்கிறோம்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் எக்ஸ்ரேயைத் தூக்கித் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டர்கள் அதை ஒரு தடவை பார்த்ததோடு சரி. தினமும் அவர்கள் பார்த்தது ரத்தப் பரிசோதனைச் சீட்டையும், நெஞ்சில் சளிச் சத்தம் கேட்கிறதா என்பதையும். ஏன் அப்படி என்று தேடிப் படித்ததில் சேர்ந்தவைதான் இந்தப் பதில்கள். யார் வீட்டிலாவது இப்படி நடந்தால் இப்போது எனக்குப் போன் வருகிறது. கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள். நான் பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்தும் ஆசிரியை, டாக்டர் இல்லை. மருந்து, ஆபரேஷன் முடிவுகளை உங்கள் டாக்டரிடம் பேசியே எடுங்கள்.

முறிந்தது ஓர் எலும்பு. இதில் நோய் எதிர்ப்பு மண்டலம் எங்கே வந்தது?

வெள்ளணுக்கள் பிறப்பதே எலும்பு மஜ்ஜையில்தான். பழைய எலும்பை அரித்தெடுக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்லும், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லும் பங்காளிகள். ஒரே மூதாதைச் செல்லின் வழி வந்தவை. எலும்பையும் எதிர்ப்பு மண்டலத்தையும் சேர்த்துப் படிக்கும் துறைக்கு 2000-ல் 'ஆஸ்டியோஇம்யூனாலஜி' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

எலும்பு முறிந்ததும் அந்த இடத்தில் ரத்தம் கட்டும். சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து சேரும். அவற்றின் பின்னால் மேக்ரோஃபேஜ்கள் வந்து செத்த செல், எலும்புத் துணுக்கு எல்லாவற்றையும் விழுங்கிச் சுத்தம் செய்யும். சுத்தம் செய்த கையோடு அதே மேக்ரோஃபேஜ்கள் குணம் மாறி, புது ரத்தக் குழாயையும் எலும்பு கட்டும் செல்களையும் வரவழைக்கும். அதன் பிறகுதான் குருத்தெலும்பு மாதிரி மிருதுவான ஓர் இணைப்பு உருவாகி, சில வாரங்களில் கெட்டியாகும். ஆக வீக்கம், சூடு, வலி எல்லாம் வேலை ஆரம்பித்ததற்கான அடையாளம். இதைத்தான் அழற்சி என்கிறோம். வீக்கமே வராத இடத்தில் எலும்பு சேராது.

வயதானவர்களிடம் சிக்கல் என்னவென்றால், இந்த வேலை சரியான நேரத்தில் முடிவதில்லை. முறிந்த இடத்தோடு நிற்பதும் இல்லை.

தோல்கூடக் கிழியவில்லை, கிருமி உள்ளே போகவே இல்லை. அப்படியிருக்க ஏன் காய்ச்சல்? ஏன் ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி இவ்வளவு ஏறுகிறது?

எதிர்ப்பு மண்டலம் 'இது அன்னியனா?' என்று மட்டும் பார்ப்பதில்லை, 'இங்கே ஆபத்தா?' என்றும் பார்க்கிறது என்று 1994-ல் பாலி மாட்ஸிங்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானி சொன்னார். செல் உடைந்து உள்ளே இருக்க வேண்டியது வெளியே சிந்தினால் அதுவே அபாயச் சங்கு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் மைட்டோகாண்ட்ரியா. நம் செல்லுக்கு ஆற்றல் தரும் இந்த உறுப்பு, பல கோடி ஆண்டுகளுக்கு முன் தனி பாக்டீரியாவாக இருந்து செல்லுக்குள் குடியேறியது. அதன் டிஎன்ஏவில் பாக்டீரியாவின் சாயல் இன்னும் போகவில்லை. பெரிய காயம் பட்டவர்களின் ரத்தத்தில் இந்த மைட்டோகாண்ட்ரியாத் துணுக்குகள் கொட்டிக் கிடப்பதையும், நியூட்ரோஃபில்கள் அவற்றைக் கிருமி என்றே நினைத்துப் பாய்வதையும் 2010-ல் பாஸ்டனில் கார்ல் ஹவுசர் குழுவினர் காட்டினார்கள். சொந்த வீட்டுக்காரனைத் திருடன் என்று அடிக்கிற கதை.

சிஆர்பி என்பது அழற்சி வந்தால் கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். அடிபட்ட ஆறேழு மணி நேரத்தில் ஏறத் தொடங்கும்; ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் உச்சம் தொடும்; அப்புறம் இறங்க வேண்டும். அம்மாவின் சீட்டில் மூன்றாம் நாள் 160-க்கு மேல் இருந்தது, பக்கத்தில் '5-க்குள்' என்று அச்சடித்திருந்தது. என் தம்பிக்குக் கை நடுங்கிவிட்டது. "நாளைக்கு மறுபடி எடுப்போம், இறங்கினால் சரி" என்றார் ட்யூட்டி டாக்டர். இறங்கியது. பார்க்க வேண்டியது ஒருநாள் எண்ணை அல்ல, அது எந்தப் பக்கம் போகிறது என்பதை. இறங்கிக்கொண்டிருந்த சிஆர்பி ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ திரும்ப ஏறினால்தான் எங்கேயோ கிருமி புகுந்ததா என்று தேடுவார்கள்.

இருபது வயதுப் பையன் பைக்கில் விழுந்து தொடை முறிந்தும் எழுந்து நடக்கிறானே. பெரியவர்களுக்கு மட்டும் ஏன் இப்படி ஆட்டிவைக்கிறது?

இதற்கு ஒரு காரணம் இல்லை, பல காரணம் ஒன்றாகச் சேர்கிறது.

முதலாவது, வயதாக ஆக உடம்பில் ஓர் அழற்சி எப்போதும் சிம்மில் எரிந்துகொண்டே இருக்கும். இத்தாலியின் கிளாடியோ ஃப்ரான்செஸ்கி 2000-ல் இதற்கு 'இன்ஃப்ளமேஜிங்' என்று பெயர் வைத்தார். முதுமையோடு ஒட்டிய அழற்சி. இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் போன்ற அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கொஞ்சம் கூடுதலாகவே மிதந்துகொண்டிருக்கும். ஏற்கெனவே எரிகிற அடுப்பில் எண்ணெய் கொட்டுகிற மாதிரிதான் எலும்பு முறிவு. அமெரிக்காவின் பால்டிமோரில் இடுப்பு முறிந்த பெரியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, இன்டர்லூக்கின்-6 கூடுதலாகவே இருந்தவர்களுக்குக் கால் பலம் திரும்புவது பின்தங்கியிருந்தது.

இரண்டாவது, படை பெரிதாகத் தெரிந்தாலும் வேலை சுத்தமில்லை. மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி, டி செல்கள் என்ற வெள்ளணுக்களுக்குப் பள்ளிக்கூடம். விடலைப் பருவத்திலிருந்தே அது சுருங்கி, எழுபதில் பெரும்பாலும் கொழுப்புதான் மிஞ்சியிருக்கும். புதுக் கிருமியை எதிர்கொள்ளப் புது மாணவர்கள் குறைவு. நியூட்ரோஃபில்களுக்கோ எண்ணிக்கையில் குறைவில்லை, வழிதான் தவறுகிறது. இளையவர்களின் நியூட்ரோஃபில் கிருமி இருக்கும் பக்கம் நேராகப் போகும்; முதியவர்களுடையது அங்கும் இங்கும் அலைந்து, வழியெல்லாம் தன் நொதிகளைச் சிந்தி நல்ல திசுவையும் புண்ணாக்கிக்கொண்டு போகும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இதை நுண்ணோக்கியில் படம் பிடித்தே காட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது, பெரும்பாலும் யாரும் பேசாத ஹார்மோன் கணக்கு. அடிபட்டதும் அட்ரீனல் சுரப்பி கார்டிசாலை அள்ளிக் கொட்டும். கார்டிசால் எதிர்ப்புச் செல்களை அடக்கி வைக்கும். அதே சுரப்பியிலிருந்து வரும் டிஹெச்இஏ என்ற ஹார்மோன் அவற்றைத் தூண்டிவிடும். இளமையில் இரண்டும் தராசு மாதிரி நிற்கும். வயதாகும்போது டிஹெச்இஏ மிகவும் குறைந்துவிடுகிறது, கார்டிசால் குறைவதில்லை. பர்மிங்ஹாமில் ஜானட் லார்ட் குழுவினர் இடுப்பு முறிந்த முதியவர்களைப் பரிசோதித்தபோது, தராசு கார்டிசால் பக்கம் சாய்ந்திருந்ததையும், கிருமியைக் கொல்ல நியூட்ரோஃபில் உற்பத்தி செய்யும் சூப்பராக்சைடு குறைந்திருந்ததையும் கண்டார்கள். அடிபட்ட பிறகு கிருமித் தொற்று வந்தவர்களிடம் இந்தச் சாய்வு இன்னும் அதிகம்.

ஆக ஒரே உடம்பில் ஒரே சமயத்தில் இரண்டும் நடக்கிறது: கிருமியில்லாத இடத்தில் தீ, கிருமி வரும் இடத்தில் காவல் இல்லை. பல நாள் எனக்கே இது முரணாகத் தோன்றியது. வார்டில் அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சிவந்து வீங்கிய தொடையையும் பக்கத்துக் கட்டில் பாட்டிக்கு நிமோனியா வந்ததையும் ஒன்றாகப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

அப்படியானால் வயதானவர்களுக்கு எலும்பு சேரவே சேராதா?

சேரும், மெதுவாக. மணிக்கட்டு எலும்பெல்லாம் எண்பதிலும் சேர்ந்துவிடுகிறது.

2013-ல் பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் ஒரு விஷயம் கண்டுபிடித்தார்கள். வாழ்நாள் முழுக்கப் பல கிருமிகளோடு சண்டையிட்டு முறுக்கேறிப்போன ஒருவகை சிடி8 டி செல்கள் ரத்தத்தில் அதிகமாக இருந்தவர்களுக்கு எலும்பு சேரத் தாமதமானது. எலிகளிலும் ஒரு சோதனை உண்டு. கிழட்டு எலிக்கு இளம் எலியின் மஜ்ஜையைக் கொடுத்தால், முறிந்த எலும்பு வேகமாகக் கூடுகிறது. எலும்பு அதே பழைய எலும்புதான், மாறியது எதிர்ப்புச் செல்கள் மட்டும்.

ஆனால் தொடைக் கழுத்துக்கு வேறு ஒரு சிக்கல் இருக்கிறது, அது வயதைப் பொறுத்ததல்ல. பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்கள் கழுத்தை ஒட்டித்தான் ஏறுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் அவையும் அறுந்துவிடும். ரத்தமே போகாத இடத்துக்கு மேக்ரோஃபேஜ் எப்படிப் போகும்? அதனால்தான் விலகிய கழுத்து முறிவுக்குப் பெரியவர்களுக்குப் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்கிறார்கள். கழுத்துக்குச் சற்றுக் கீழே முறிந்திருந்தால் அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும். உள்ளே ராடு போட்டு நிறுத்தினால் தானாகச் சேர்ந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ராடு, எங்கள் மாமனாருக்கு ஏன் மூட்டு என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் பதில்.

இந்த வயதில் ஆபரேஷன் தாங்குவாரா? புத்தூர் கட்டு போட்டுப் படுக்க வைத்தால் போதாதா?

கை, மணிக்கட்டு என்றால் அது வேறு விவாதம். இடுப்பு முறிவுக்கு வேண்டாம் என்பேன். கட்டுப் போடுகிறவரின் கைப்பக்குவத்தில் குறை சொல்லவில்லை. தொடையின் மேல்முனையை வெளியிலிருந்து எந்தக் கட்டும் அசையாமல் பிடிக்க முடியாது. அதனால் ஆறு வாரம், எட்டு வாரம் மல்லாந்து படுக்க வேண்டிவரும். நுரையீரலின் அடிப்பகுதி விரியாது, சளி தேங்கும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும். மேலே சொன்ன காவலில்லாத உடம்புக்கு இது ஒவ்வொன்றும் திறந்து வைத்த வாசல். ஆபரேஷனின் முக்கிய நோக்கமே எலும்பைச் சேர்ப்பதைவிட ஆளை எழுப்பி உட்கார வைப்பதுதான். வலி குறைந்தால் உட்காரலாம், உட்கார்ந்தால் மூச்சு ஆழமாக இழுக்கலாம்.

உயிர் பிழைப்பதே சந்தேகம் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, வலியை மட்டும் தணித்து ஆபரேஷன் இல்லாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு நியாயமான முடிவு. அது டாக்டரும் குடும்பமும் உட்கார்ந்து பேசி எடுப்பது.

எவ்வளவு சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும்? ஒரு வாரம் உடம்பைத் தேற்றிவிட்டுச் செய்யலாமா?

'தேற்றிவிட்டு' என்ற வார்த்தையில்தான் ஏமாறுகிறோம். முறிந்த முனைகள் உரசிக்கொண்டே இருக்கும் வரை உடைந்த செல்களின் சிந்தலும் நிற்காது, வலியும் கார்டிசாலும் குறையாது. படுத்தே கிடந்தால் உடம்பு தேறுவதற்குப் பதில் இளைக்கும். பிரிட்டனின் வழிகாட்டுதல், ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றோ மறுநாளோ ஆபரேஷன் என்கிறது.

இன்னும் அவசரப்பட்டால் இன்னும் நல்லதா? 2020-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 17 நாடுகளில் 2,970 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். இந்தியாவும் அதில் உண்டு. ஒரு குழுவுக்குச் சுமார் 6 மணி நேரத்தில் ஆபரேஷன், மற்றதுக்குச் சுமார் 24 மணி நேரத்தில். இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. மனக்குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் முதல் குழுவில் குறைவு. ஆகவே நள்ளிரவில் மணிக்கணக்குப் பார்த்துச் சண்டை போட வேண்டாம். காரணமே சொல்லாமல் நாள்கணக்கில் தள்ளினால் கட்டாயம் கேளுங்கள். பொட்டாசியம் சரியில்லை, இதயத் துடிப்பு கட்டுக்கடங்கவில்லை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டிருக்கிறார் என்பவையெல்லாம் உண்மையான காரணங்கள். ஆபரேஷனே உடம்புக்கு இரண்டாவது அடிதான், முன்னேற்பாடு வேண்டும்.

மூன்றாம் நாள் ராத்திரி அம்மா என்னை யாரென்றே தெரியாமல் பேசினார். மறதி நோய் வந்துவிட்டதா?

எங்கள் வீட்டிலும் இதே கதை. ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா போர்வையின் ஓரத்தைப் பிடித்துக் கொத்துக் கொத்தாகக் கிள்ளிக்கொண்டிருந்தார். "என்னம்மா பண்றீங்க?" என்றேன். "கீரை ஆயறேன், நீ போய் லட்சுமிக்குத் தண்ணி காட்டு" என்றார். லட்சுமி நாங்கள் நாற்பது வருஷத்துக்கு முன் விற்ற பசு. காலையில் காபி கேட்டார், தெளிவாக. மாலையில் மறுபடி என்னை 'சித்தி' என்று கூப்பிட்டார்.

இதற்கு டெலிரியம் என்று பெயர். இடுப்பு முறிந்த பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு வரைகூட வரலாம். தொடையில் கிளம்பிய அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் ஓடி மூளைக்கும் சேதி சொல்கின்றன. மூளையில் மைக்ரோக்ளியா என்ற சொந்தக் காவல் செல்கள் உண்டு. முதுமையில் அவை ஏற்கெனவே விறைப்பாக நிற்கும், சின்னச் சத்தத்துக்கும் சீறும். திடீரென்று வந்து, ஏறி இறங்கி, பெரும்பாலும் நாள்களில் அல்லது சில வாரங்களில் தெளியும். மறதி நோய் அப்படித் திடீரென்று வராது. ஆனால் முன்பே லேசான மறதி இருந்தவர்களுக்கு டெலிரியம் அதை வேகப்படுத்தலாம் என்பதையும் மறைக்க முடியாது.

செய்யக்கூடியது நிறைய உண்டு: மூக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் உடனே மாட்டிவிடுங்கள். பகலில் ஜன்னல் வெளிச்சம், ராத்திரியில் இருட்டும் அமைதியும். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். வலி அடங்கியிருக்கிறதா, மூன்று நாளாக மலம் போகவில்லையா, சிறுநீர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கையைக் கட்டிலோடு கட்டுவது குழப்பத்தை இன்னும் கூட்டும். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தால் இது வராது, முழு மயக்கத்தால்தான் வருகிறது என்று பலர் சொல்வார்கள். 2021-ல் 1,600 பேரிடம் செய்த ஆய்வில் இரண்டிலும் டெலிரியம் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

காய்ச்சல் இல்லை. அப்படியானால் இன்ஃபெக்‌ஷன் இல்லைதானே?

அப்படி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். காய்ச்சலைக் கிளப்புவதும் எதிர்ப்பு மண்டலத்தின் வேலைதான், அதுவே தளர்ந்திருக்கும்போது தெர்மாமீட்டர் பேசாது. சாப்பாட்டைத் தள்ளுவது, அதிகமாகத் தூங்குவது, திடீர்க் குழப்பம், மூச்சு வாங்குவது, நேற்று உட்கார்ந்தவர் இன்று உட்கார முடியவில்லை என்பது: பெரியவர்களுக்கு இவைதான் காய்ச்சல்.

முதலில் வருவது பெரும்பாலும் நெஞ்சிலும் சிறுநீர்ப் பாதையிலும். தையல் போட்ட இடத்தைத் தினமும் குனிந்து பார்க்கிற நாம் வாயைப் பார்ப்பதில்லை. படுத்திருப்பவரின் வாயில் சேரும் கிருமி எச்சிலோடு மூச்சுக் குழாயில் இறங்கி நிமோனியா ஆகிறது. நாளைக்கு இரண்டு தடவை பல்லையும் நாக்கையும் துடைத்துவிடுங்கள், பல்செட்டைக் கழற்றிக் கழுவுங்கள். சாப்பாடு கொடுக்கும்போது முதுகை நன்றாக நிமிர்த்தி உட்கார வையுங்கள். படுத்தபடி ஸ்பூனில் கஞ்சி ஊற்றவே கூடாது. எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு நர்ஸ் அக்கா, எந்த டாக்டரும் அல்ல. சிறுநீர் டியூபை எப்போது எடுப்பார்கள் என்று தினமும் கேளுங்கள். வசதிக்காக விட்டுவைத்த டியூப் கிருமிக்கு ஏணி.

ஆண்களுக்கு ஆபத்து அதிகம் என்கிறார்களே?

ஆமாம். இடுப்பு முறிவது பெண்களுக்குத்தான் அதிகம், ஆனால் முறிந்த பிறகு இறப்பது ஆண்களில் அதிகம். முறிந்த பிறகு நிமோனியாவாலும் ரத்தத்தில் கிருமி பரவியும் ஆண்கள் கூடுதலாக இறப்பதை அமெரிக்க ஆய்வுகள் காட்டின.

ஹீமோகுளோபின் 9-க்கு இறங்கிவிட்டது. ரத்தம் ஏற்றச் சொன்னால் 'தேவையில்லை' என்கிறார்கள். இரும்பு மாத்திரையாவது கொடுக்கலாமா?

ரத்தம் இரண்டு வழியில் குறைகிறது. முறிவிலும் ஆபரேஷனிலும் போனது ஒன்று. இன்னொன்று, அழற்சி வந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற பொருளைச் சுரந்து இரும்பைப் பூட்டிவைத்துவிடுகிறது. கிருமிகளும் இரும்பைத் தின்றுதான் பெருகும் என்பதால், பஞ்ச காலத்தில் களஞ்சியத்தைப் பூட்டுகிற மாதிரி இது. அந்தச் சமயத்தில் மாத்திரையாகக் கொடுக்கும் இரும்பு குடலில் சரியாக ஏறாது, மலச்சிக்கல்தான் மிச்சம். தீ அடங்கிய பிறகு பேசலாம்.

ரத்தம் ஏற்றுவதைப் பற்றி 2011-ல் வந்த ஆய்வில், 10-க்குக் கீழே போனாலே ஏற்றுவதையும், 8-க்குக் கீழே போனால் அல்லது அறிகுறி இருந்தால் மட்டும் ஏற்றுவதையும் 2,016 இடுப்பு முறிவு நோயாளிகளிடம் ஒப்பிட்டார்கள். இதய நோயோ அதற்கான வாய்ப்போ உள்ளவர்கள் அவர்கள். இறப்பிலும் நடையிலும் வித்தியாசம் தெரியவில்லை. நெஞ்சுவலி, படபடப்பு, எழுந்தால் தலைசுற்றல் இருந்தால் சொல்லுங்கள். எண்ணை மட்டும் வைத்து வாதாட வேண்டாம்.

பதினைந்தே நாளில் தொடை குச்சியாகிவிட்டது. ஆட்டுக்கால் சூப் கொடுத்தால் தேறுமா?

கார்டிசாலும் இன்டர்லூக்கின்-6-ம் சேர்ந்து தசையைக் கரைத்து, அந்தப் புரதத்தைக் காயத்துக்கும் எதிர்ப்புச் செல்களுக்கும் அனுப்புகின்றன. உடம்பு சொந்தக் கூரையைப் பிரித்து அடுப்பெரிக்கிறது. படுக்கை அதை இரட்டிப்பாக்கும். எந்த நோயும் இல்லாத, சராசரி 67 வயதுக்காரர்களைப் பத்தே நாள் படுக்க வைத்துப் பார்த்தபோது, கால்களில் மட்டும் சுமார் ஒரு கிலோ தசை போய்விட்டது. 2007-ல் வந்த ஆய்வு அது. எலும்பு முறிந்தவர் நிலையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சூப் நல்லதுதான், வாய்க்கு ருசி, சூடு, கொஞ்சம் உப்பு. ஆனால் அதில் கரைந்திருக்கும் ஜெலட்டின் நேராகப் போய் முறிந்த எலும்பில் ஒட்டிக்கொள்ளாது. வயிற்றில் செரித்து மற்றப் புரதம் மாதிரிதான் பிரியும். அதுவும் ஒரு கிண்ணத்தில் கொஞ்சமே இருக்கும். நோயிலிருந்து தேறும் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் பரிந்துரைக்கிறார்கள். 50 கிலோ அம்மாவுக்கு 60 முதல் 75 கிராம். இரண்டு இட்லி, ரசஞ்சாதம், ராத்திரி கஞ்சி என்று ஓட்டினால் இதில் பாதிகூடத் தேறாது. ஒரு முட்டையில் ஆறு கிராம். அதோடு மீன், கோழி, கெட்டிப் பருப்பு, சுண்டல், பால், தயிர், பனீர் என்று வேளைக்கு ஒன்றாவது இருக்கட்டும். கஞ்சியே குடிப்பார் என்றால் அதில் பால் பவுடரைக் கரைத்துவிடுங்கள், சத்தம் போடாமல். கிட்னி கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டர் சொல்லும் அளவு.

'இம்யூனிட்டி' ஏற்றும் பவுடர், கஷாயம்?

இவ்வளவு படித்த பிறகு எதை ஏற்றுவது என்று நீங்களே கேட்பீர்கள். அழற்சியை ஏற்றினால் கெடுதல், காவலை ஏற்றும் பவுடர் இன்னும் கடைக்கு வரவில்லை. நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகள் உண்டு. தேறிய பிறகு அவற்றைப் பற்றிக் கேளுங்கள்.

வலி மாத்திரை எலும்பு சேர்வதைத் தடுக்கும் என்று கேள்விப்பட்டேன். வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லலாமா?

வேண்டாம். வலியும் கார்டிசாலை ஏற்றும், வலியோடு யாரும் ஆழமாக மூச்சு விடமாட்டார்கள், இருமமாட்டார்கள். நீங்கள் கேள்விப்பட்டது டைக்ளோஃபினாக், இபுப்ரூஃபென் வகையைப் பற்றி. அவை தடுக்கும் காக்ஸ்-2 என்ற நொதி எலும்பு சேர்வதற்கும் தேவை; அந்த ஜீன் இல்லாத எலிகளில் முறிவு சரியாகச் சேரவில்லை. பெரியவர்களுக்கு இந்த மாத்திரைகளைத் தவிர்ப்பதற்கு இதைவிட உடனடிக் காரணம் கிட்னியும் வயிற்றுப் புண்ணும். நேரம் தவறாமல் பாராசிட்டமால், தொடை நரம்பை மரக்கச் செய்யும் ஊசி என்று வேறு வழிகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் சேர்ந்த உடனே அந்த நரம்பு ஊசியைக் கேட்டுப் பாருங்கள்.

முடக்குவாதத்துக்கு ஏற்கெனவே ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நின்றால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும்.

எலும்புக்குப் போட்ட ஊசிக்கு அப்புறம் காய்ச்சலும் உடம்புவலியும். ஒத்துக்கொள்ளவில்லையா?

எலும்பு மேலும் மெலியாமலிருக்கப் போடும் சோலெட்ரோனிக் ஆசிட் ட்ரிப்ஸ் என்றால், இதுவும் எதிர்ப்பு மண்டலத்தின் வேலையே. அந்த மருந்து சில செல்களுக்குள் ஒரு பொருளைத் தேங்க வைக்கிறது. காமா-டெல்டா என்ற அபூர்வ வகை டி செல்கள் அதைக் கிருமியின் அடையாளமாக எடுத்துக்கொண்டு கிளர்ந்தெழுகின்றன. இரண்டு மூன்று நாளில் அடங்கும், பாராசிட்டமால் போதும். அடுத்த வருஷம் போடும்போது பெரும்பாலும் வராது. இதற்குப் பயந்து ஊசியை விட்டுவிடாதீர்கள். 2007-ல் வந்த ஆய்வில், இடுப்பு முறிந்து 90 நாளுக்குள் இதை ஆரம்பித்தவர்களுக்குப் புது முறிவு 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்தன. போடுவதற்கு முன் கிட்னியும் வைட்டமின் டி அளவும் பார்ப்பார்கள். நம் ஊர் வெயிலில் வைட்டமின் டி குறையுமா என்று சிரிக்காதீர்கள், வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெரியவர்களிடம் சர்வசாதாரணம்.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பா யாரோடும் பேசுவதில்லை, 'போதும்' என்கிறார். இதுவும் உடம்பைப் பாதிக்குமா?

பாதிக்கும். பர்மிங்ஹாம் குழுவினரே இதையும் பார்த்தார்கள். இடுப்பு முறிந்த முதியவர்களில் மனச்சோர்வு வந்தவர்களிடம்தான் நியூட்ரோஃபில்களின் வேலை மேலும் மந்தமாக இருந்தது, கார்டிசால் தராசும் சாய்ந்திருந்தது. மனச்சோர்வு இல்லாதவர்களிடம் அந்த அளவுக்கு இல்லை. 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அம்மாவை மாற்றியது வாக்கரோடு வாசல் திண்ணை வரை போய் உட்கார்ந்ததுதான். காய்கறிக்காரரிடம் பேரம் பேச ஆரம்பித்த அன்று எங்களுக்கு மூச்சு வந்தது.

எப்போது பழையபடி ஆவார்?

இதற்கு ஆறுதலாகப் பொய் சொல்ல மனமில்லை. பெரிய ஆய்வுகளில், இடுப்பு முறிந்த பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், சில இடங்களில் நான்கில் ஒருவர் முதல் வருஷத்துக்குள் இறக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் பலர் பழைய நடைக்கு முழுதாகத் திரும்புவதில்லை. ஆபத்து முதல் மூன்று மாதத்தில் அதிகம். டிஸ்சார்ஜ் ஆனதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கலைந்துபோகிறார்களே, அப்போதுதான் ஆள் வேண்டும்.

இன்னொரு பக்கமும் முறியாமல் என்ன செய்வது?

மேலே சொன்ன எலும்பு மருந்தோடு, தினமும் நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி. தூக்க மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் தலைசுற்ற வைக்கிறதா என்று டாக்டரிடம் ஒரு மறுபார்வை. கண் ஆபரேஷன் தள்ளிப்போட்டிருந்தால் அது. எங்கள் வீட்டில் பாத்ரூம் வாசலில் கிடந்த பழைய புடவை மிதியடியைத் தூக்கிப் போட்டோம்; அம்மா வழுக்கியது அதில்தான். சுவரில் ஒரு கைப்பிடி, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி முழுக்க எரியும் ஜீரோ வாட் பல்பு. கரண்ட் பில் ஏறுகிறது என்று அம்மா அதை இன்னும் அணைத்துக்கொண்டுதான் இருக்கிறார், நான் எழுந்து போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.